மோட்டார் தெரிந்தவருக்குப் புரோகிராமும் தெரியட்டும்

பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்குப் போனாலும் காங்கேயத்துக்குப் போனாலும், வழியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றாவது கண்ணில் படும். எரிந்துபோன போர் மோட்டாரை வாசலில் இறக்கினால், கடைக்காரர் பிரித்துப் பார்த்த உடனேயே காரணம் சொல்லிவிடுவார். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸின் காயில் கருகி மூன்றாவது மட்டும் புதிதுபோல இருந்தால், ஓடும்போது ஒரு பேஸ் போயிருக்கிறது. காயில் நன்றாக இருந்து பம்பின் புஷ்கள் தேய்ந்து கிடந்தால், தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. பம்பின் புஷ்களுக்கு வழவழப்பும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் இரண்டும் போய்விடும்.

இவ்வளவு தெரிந்த அதே மனிதர், மோட்டாரைக் காக்க வேண்டிய ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கையை எடுத்துவிடுகிறார். உள்ளே இரண்டு மூன்று ரிலே, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நடுவில் விரல் நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர். எந்த மின்னோட்டத்துக்குக் கீழே போனால் "தண்ணீர் இல்லை" என்று முடிவெடுக்க வேண்டும், கரண்ட் வந்த பிறகு எத்தனை வினாடி பொறுத்து மோட்டாரை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் வேறெங்கோ ஒரு அறையில் இருக்கிறார். இந்தக் கிணற்றை அவர் பார்த்ததில்லை. கிணற்றைப் பார்த்தவருக்கு எழுதத் தெரியாது.

இந்த இடைவெளியை மூட இன்று ஒரு பெரிய படிப்பு தேவையில்லை. எளிய மொழியில் எழுதியதைச் சிப்புக்குப் புரியும் இயந்திர மொழியாக மாற்றித் தரும் கம்பைலர்கள், தொடக்கநிலையாளருக்கென்றே உருவானவை, இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். கொங்கு வட்டாரத்து ஐடிஐக்களும் பாலிடெக்னிக்குகளும் மைக்ரோகண்ட்ரோலர் பாடத்தை இவற்றிலிருந்து தொடங்க வேண்டும், அதையும் தமிழில் தொடங்க வேண்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி. கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியுலகத்தோடு பேசும் கால்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இன்டெல் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட 8051, அந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் மின்னணுவியல் படித்தவர்களில் 8051 என்ற எண்ணைக் கேள்விப்படாதவர் அரிது. அந்த சிப்பின் உறவுக்காரர்கள்தான் இன்று திருப்பூர் பின்னலாடை இயந்திரத்திலும், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மின்விசிறியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய காலத்தில் இந்த சிப்புக்கு எழுதுவது உண்மையிலேயே கடினம். 8051-ன் ஒரு வடிவமான 8751-ல் ஒருமுறை எழுதியதை அழிக்க, சிப்பின் முதுகிலுள்ள கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைப் பல நிமிடங்கள் காட்ட வேண்டும். ஒரு சிறு பிழை என்றால் மறுபடியும் விளக்குக்கு அடியில். மொழியோ, சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டிய அசெம்பிளி. அரை வினாடிக்கு ஒருமுறை ஒரு எல்இடியை எரியவிட்டு அணைப்பதை எடுத்துக்கொள்ளலாம். 12 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8051-ல் ஓர் இயந்திரச் சுற்று 1 மைக்ரோவினாடி. எண்ணைக் குறைத்துக்கொண்டே திரும்பும் கட்டளைக்கு இரண்டு சுற்று. 8 பிட் ரிஜிஸ்டர் அதிகபட்சம் 256 முறைதான் எண்ணும். ஆக ஒரு முழுச் சுழற்சிக்கு 512 மைக்ரோவினாடி. சுழற்சிக்குள் சுழற்சி வைத்தாலும் சுமார் 0.13 வினாடிதான் வரும். அரை வினாடிக்கு மூன்றாவது சுழற்சி தேவை. விளக்கை அணைத்து எரிய வைக்க ஆசைப்பட்டு வந்த மாணவன், முதல் வாரத்திலேயே பெருக்கல் கணக்கில் மாட்டிக்கொள்வான்.

இதே வேலை பாஸ்காம் என்ற பேசிக் கம்பைலரில் நான்கைந்து வரி. இந்தக் கால் வெளியீடு என்று ஒரு வரி. அதன் நிலையை மாற்று என்று ஒரு வரி. 500 மில்லிவினாடி பொறு என்று ஒரு வரி. கடைசி இரண்டையும் திரும்பத் திரும்பச் செய் என்பதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு சொல். அவ்வளவுதான். நெதர்லாந்தில் உருவான பாஸ்காம், ஏவிஆர் என்ற மைக்ரோகண்ட்ரோலர் வகைக்கும் 8051-க்கும் உண்டு. கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் கிரேட் கவ் பேசிக், பிக் என்ற இன்னொரு வகைச் சிப்களுக்கும் ஏவிஆருக்கும் எழுத உதவும். 1992-ல் அமெரிக்காவின் பாரலாக்ஸ் நிறுவனம் பேசிக் ஸ்டாம்ப் என்ற சிறு பலகையைக் கொண்டுவந்தபோதே, பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகியவர்கள் இந்தச் சுவையைக் கண்டுவிட்டார்கள்.

பேசிக் மொழியின் பிறப்பே இதைப் போன்ற ஒரு வாதத்திலிருந்து வந்தது. 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் அதை உருவாக்கினார்கள். இருவரும் கணிதப் பேராசிரியர்கள். கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அவர்கள் முதலில் செய்தது ஒரு கம்பைலர்தான். பிற்காலத்து வீட்டுக் கணினிகளில் பேசிக் மெதுவாக ஓடியதைப் பார்த்தவர்கள் அந்த மொழியையே விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். அந்த மந்தத்துக்குக் காரணம் மொழி இல்லை. ஓடும்போதே ஒவ்வொரு வரியாகப் படித்துப் பொருள் கொள்ளும் இன்டர்பிரட்டர் முறை.

கம்பைலர் அப்படிச் செய்வதில்லை. மனிதர் எழுதிய வரிகளை மேசையில் இருக்கும் கணினியே முழுவதும் இயந்திர மொழியாக மாற்றி முடித்துவிடும். சிப்புக்குள் போவது வெறும் இயந்திரக் கட்டளைகள். பரவலாகப் பயன்படும் ஏவிஆர் சிப்பான ஏடிமெகா328-ல் புரோகிராமுக்கு 32 கிலோபைட், வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இவ்வளவு நெருக்கடியான இடத்திலும் எளிய மொழியில் எழுதியது ஓடுகிறதென்றால், பாரத்தைச் சுமப்பது மேசைக் கணினி என்பதால்தான். கற்பவருக்கு எளிமை, சிப்புக்கு வேகம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பது இந்த ஏற்பாட்டில்தான். பைத்தானின் சிறு வடிவமான மைக்ரோபைத்தான் வேறு வழியில் போகிறது. அது சிப்புக்குள்ளேயே குடியிருக்கும். அதற்கு இடம் வேண்டும். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவின் சிப்பில் 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால் அங்கே அது வசதியாக ஓடுகிறது.

ஆர்டுயினோவைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்து வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ஒன்றில் அது பிறந்தது. அங்கே படித்தவர்கள் மின்னணுப் பொறியாளர்கள் அல்லர், வடிவமைப்பு மாணவர்கள். கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பர்ரகான் தன் முதுகலை ஆய்வுக்காக உருவாக்கிய வயரிங் என்ற தளம் அதற்கு அடித்தளம். ஆர்டுயினோவில் எழுதுவது உள்ளுக்குள் சி++ மொழிதான். ஆனால் ரிஜிஸ்டர், பிட் என்ற பேச்சை நூலகத்துக்குள் மறைத்துவிட்டார்கள். 13-ம் எண் காலை உயர்த்து, ஒரு வினாடி பொறு என்று எழுதினால் போதும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

"இதெல்லாம் உண்மையான புரோகிராமிங் இல்லை" என்ற குரல் கல்லூரிகளில் கேட்கும். ரிஜிஸ்டர் தெரியாதவன் பொறியாளன் ஆக முடியுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் பெருந்துறை சிப்காட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அங்குள்ள ஆலைகளில் சாயத் தொட்டியின் வால்வையும் கொதிகலனையும் நடத்துவது பிஎல்சி. அந்தப் பெட்டியைப் புரோகிராம் செய்யும் முறைகளில் பிரபலமானது லேடர். இரு பக்கமும் இரண்டு மின்கம்பிகள், நடுவில் படிகள்போலத் தொடர்புகளும் காயில்களும் என்று வரைவார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன் அந்தப் படத்தைப் படித்துவிடுவார். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக டிக் மோர்லி குழுவினர் மோடிகான் என்ற முதல் பிஎல்சியைக் கொண்டுவந்தபோது எடுத்த முடிவு அது. ஆலையில் இருந்தவர்களுக்கு ரிலே வரைபடம் தெரியும், கணினி மொழி தெரியாது. ஆகவே வரைபடத்தையே மொழியாக்கிவிட்டார்கள். 1993-ல் வந்த ஐஇசி 61131-3 என்ற சர்வதேசத் தரம் லேடரை முறைப்படியான புரோகிராமிங் மொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பெரிய ஆலைகள் இதில் ஓடுகின்றன. அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை.

ஜொனாதன் வெஸ்ட்ஹியூஸ் என்பவர் எழுதி இலவசமாக வெளியிட்ட எல்டிமைக்ரோ, லேடர் வரைபடத்தை நேராக பிக், ஏவிஆர் சிப்களுக்கான இயந்திர மொழியாக மாற்றித் தரும். அதாவது சிப்காட்டில் பத்து வருடம் லேடர் பார்த்த எலக்ட்ரீஷியன், தன் தோட்டத்து மோட்டாருக்கு அதே அறிவை வைத்து எழுதலாம். விலை உயர்ந்த பிஎல்சி தேவையில்லை. சில நூறு ரூபாய்ப் பலகை போதும். இது நம் வட்டாரத்தில் பலருக்குச் சொல்லப்படாமலே இருப்பது வருத்தத்துக்குரியது.

எளிய மொழியால் சாதிக்க முடிவது மோட்டாரோடு நிற்பதில்லை. பெருந்துறை கொப்பரை ஏலத்துக்குப் பெயர் பெற்ற ஊர். தேங்காய்ப் பருப்பில் பாதியளவு ஈரம். அரவைக் கொப்பரைக்கு அந்த ஈரம் 6 சதவீதத்துக்குள் வர வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சை. அவசரப்பட்டு அதிகச் சூட்டில் காய்ச்சினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். இதற்காகச் சிலர் சூரியக் கூடார உலர்த்திகளைப் போட்டிருக்கிறார்கள். கூடாரத்துக்குள் சேரும் ஈரக் காற்றை விசிறி வைத்து வெளியேற்ற வேண்டும். விசிறி எப்போது ஓட வேண்டும்?

உள்ளே ஈரப்பதம் வெளியைவிட அதிகமாக இருந்தால் ஓடட்டும் என்று தோன்றும். அப்படி எழுதினால் தவறாகிவிடும். உள்ளே 50 டிகிரி வெப்பம், ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே மழை மேகம், 25 டிகிரி, 90 சதவீதம். எண்களை மட்டும் பார்த்தால் வெளிக்காற்றே ஈரமாகத் தெரியும். ஆனால் சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும். கணக்குப் போட்டால் உள்ளே ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 33 கிராம் நீராவி, வெளியே சுமார் 21 கிராம். விசிறி ஓடத்தான் வேண்டும்; உள்ளே சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு ஓட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஓர் அடுக்குக்குறிச் சார்பு வருகிறது. 8 பிட் சிப்பில் தசமப் பெருக்கலுக்கே தனி வன்பொருள் கிடையாது. அசெம்பிளியில் எழுத உட்கார்ந்தால் அனுபவசாலிக்கே நாள்கள் பிடிக்கும். பாஸ்காமிலோ ஆர்டுயினோவிலோ சூத்திரத்தை ஒரே வரியில் எழுதலாம்; மீதியைக் கம்பைலரின் நூலகம் பார்த்துக்கொள்ளும். எழுதுபவரின் நேரம் முழுக்கக் கொப்பரையைப் பற்றி யோசிப்பதில் போகும். எத்தனை டிகிரியில் நிறுத்துவது, முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் ஒரே அளவா, இரவில் என்ன செய்வது என்பவைதான் பதில் தேட வேண்டிய கேள்விகள். அவற்றுக்குப் பதில் தெரிந்தவர் களத்தில் கொப்பரையைப் புரட்டிப் போடுகிறவர்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். ஆர்டுயினோவின் எளிய கட்டளையில் ஒரு காலை உயர்த்த ஏறக்குறைய சில மைக்ரோவினாடி ஆகும்; ரிஜிஸ்டரை நேரடியாகத் தொட்டால் அதில் ஒரு சிறு பகுதிதான். பத்து வினாடி பொறுத்து ஸ்டார்ட் ஆகும் மோட்டாருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. பிஎல்டிசி மின்விசிறிக்குள் காயில்களுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் கொடுக்கும் வேலைக்கு அது பெரிய வித்தியாசம். "பொறு" என்ற கட்டளையிலும் ஒரு வலை உண்டு. சிப் பொறுத்திருக்கும்போது வேறெதையும் கவனிக்காது. அந்தப் பத்து வினாடிக்குள் ஒரு பேஸ் போனால் கண்டுகொள்ளாது. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த மாணவருக்கு டைமர், இன்டரப்ட் என்ற பாடங்கள் தானாகவே தேவைப்படும். தேவைப்பட்ட பிறகு படிப்பவை மனத்தில் நிற்கும்.

மின்சாரத்தோடு விளையாடக் கூடாது என்பதும் முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம். தோட்டத்து மின்சாரம் 415 வோல்ட். சிப் 5 வோல்ட். இடையில் ஆப்டோகப்ளர் வைத்துப் பிரிக்காமல், சரியான ஃப்யூஸும் எர்த்தும் இல்லாமல் யாரும் பெட்டிக்குள் கைவைக்கக் கூடாது. சிப் தவறினாலும் மோட்டாரை நிறுத்த ஓவர்லோடு ரிலே தனியாக இருந்தே ஆக வேண்டும். மோட்டார் எடுக்கும்போது வரும் மின் இரைச்சலில் சிப் குழம்பிப்போனால் அதை மீண்டும் முதலிலிருந்து ஓட வைக்கும் வாட்ச்டாக் வசதியை எப்படிப் போடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐடிஐயில் படித்த எலக்ட்ரீஷியன் இந்த ஒழுக்கத்தில் கணினிப் பட்டதாரியைவிடப் பல படி முன்னால் இருப்பார். அவருக்குப் புரோகிராம் கற்பிப்பது, புரோகிராம் தெரிந்தவருக்கு மின்சாரப் பயம் கற்பிப்பதைவிடப் பாதுகாப்பான வழி.

பாடத்தின் வரிசையில்தான் சிக்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவர்களுக்கான எம்பெடட் சிஸ்டம்ஸ் பாடம், 8 பிட் சிப்பின் கட்டமைப்பில் தொடங்கி, எம்பெடட் சி-யைத் தாண்டி, மூன்றாவது அலகில்தான் ஆர்டுயினோவைத் தொடுகிறது. சேர்த்ததே நல்ல விஷயம். வரிசையைத் தலைகீழாக்கினால் இன்னும் நன்றாக இருக்கும். முதல் வாரத்தில் விளக்கு எரிய வேண்டும். முதல் மாதத்தில் ஒரு சிறு மோட்டார் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மூடியைத் திறந்து ரிஜிஸ்டரைக் காட்டலாம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் சி மொழிதான் கேட்பார்கள் என்பது உண்மை. இந்த வழியில் வந்தவரும் சி மொழிக்குத்தான் போய்ச் சேருவார், கையில் ஓடும் ஒரு கருவியோடு.

இந்த மண்ணில் இப்படிப்பட்ட வாதம் புதிதல்ல. கோவையில் 1945-ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரிக்கு கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பொறுப்பேற்றிருந்தார்; இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டு ஆண்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். எத்தனை ஆண்டு என்பதில் அவரோடு ஒத்துப்போகாதவர்கள் இருக்கலாம். கையால் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை கோவைத் தொழில்துறையே ஏற்றுக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

மொழி என்ற தடையையும் எடுத்தாக வேண்டும். பேசிக்கில் வரும் ஆங்கிலச் சொற்கள் முப்பது நாற்பதுக்குள் அடங்கிவிடும். அவை பிரச்சினையே இல்லை. ஒரு காலை உள்ளீடாக வைத்தால் ஏன் புல்-அப் மின்தடை தேவை, பிழைச் செய்தி வந்தால் எங்கே பார்ப்பது போன்ற விளக்கங்கள்தான் ஆங்கிலத்தில் சிக்கிக் கிடக்கின்றன. தமிழிலேயே கட்டளைகள் எழுதக்கூடிய எழில் என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கிக் காட்டியிருக்கிறார். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழில் தந்துவருகிறது. படத்துண்டுகளை அடுக்கிப் புரோகிராம் செய்ய உதவும் பிளாக்லியில் தமிழ்ச் சொற்களும் உண்டு. ஆக, தொடங்குவதற்கு யாரும் வெறும் தரையில் நிற்க வேண்டியதில்லை. அரசு பாலிடெக்னிக் ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் ஸ்டார்ட்டர், உலர்த்தி, சொட்டுநீர் வால்வு என்று நம்மூர் உதாரணங்களோடு ஒரு கையேடு எழுதிவிடலாம்.

பணமும் இப்போது இருக்கிறது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபாட்டும் நவீன இயந்திரங்களும் வந்திருக்கின்றன. வரவேற்க வேண்டிய முதலீடு. அந்தத் தொகையோடு ஒப்பிட்டால், எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை கொடுப்பது கணக்கில் வராத செலவு. பலகையும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய வேகா வகைத் தேஜஸ்32 சிப்பைக் கொண்ட ஏரீஸ் பலகைகளை ஆர்டுயினோ மென்பொருளிலேயே புரோகிராம் செய்யலாம்.

பகல்நேர மாணவர்களோடு நிறுத்தவும் கூடாது. ஏற்கெனவே தொழிலில் இருக்கும் காயில் கட்டுபவர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேண்டும். மின்விசிறியிலிருந்து பம்பு வரை எல்லாவற்றுக்குள்ளும் போர்டு வந்துகொண்டிருக்கிறது. கம்பி சுற்றுவதை மட்டும் நம்பி அடுத்த தலைமுறை இந்தத் தொழிலில் நிற்க முடியாது. பெருந்துறையில் 1984 முதல் இயங்கும் கொங்கு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களில் ஆய்வகமும் ஆசிரியரும் உண்டு. சிப்காட் ஆலைகளில் லேடர் தெரிந்த மூத்த தொழிலாளர்கள் உண்டு. இந்த இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் வேலையை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் எடுத்துக்கொள்ளலாம். முதல் பாடத்துக்கு ஒரு பழைய ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி, மூன்று பேஸுக்கும் ஒவ்வொரு இண்டிகேட்டர், ஒரு கரண்ட் டிரான்ஸ்பார்மர், ஒரு பலகை, ஒரு மடிக்கணினி இருந்தால் போதும்.